மழைக் கணக்கில் ஒழுங்கு தேடுவோம்

"முந்தி ஐந்து வருடத்துக்கு ஒருக்கால்தான் மாரி பிழைக்கும், இப்ப ஒன்றுவிட்ட ஒரு வருடம் பிழைக்குது." சொந்த நிலத்துக்குத் திரும்பியவர்களிடமும், இன்னும் திரும்ப முடியாமல் பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர்களிடமும் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். இது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இதை நம்பி எடுக்கப்படும் முடிவுகள் சிறியவை அல்ல. விதைநெல்லையும் உரத்தையும் கடனுக்கு எடுத்து விதைக்கும் குடும்பத்துக்கு ஒரு காலபோகம் தவறினால் நகை அடைவுக்குப் போகும். இரண்டு தவறினால் காணியே கைமாறும். எனவே எண்களின் கூட்டத்தில் ஒழுங்கு ஒன்று இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி, இல்லாத ஒழுங்கை இருப்பதாக எண்ணி ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் நினைவைப் பற்றி ஒரு வார்த்தை. நினைவு ஒரு நல்ல சாட்சி. ஆனால் பக்கச்சார்பான சாட்சி. மரத்தடியில் பிள்ளைகளோடு நனைந்த மழை, வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்த மழையை விடப் பெரிதாகவே மனதில் நிற்கும். சாதாரணமாகப் பெய்து சாதாரணமாக விளைந்த வருடங்களை ஒருவரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. ஆகவேதான் எழுதிவைத்த கணக்கு வேண்டும்.

மழையை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான ஒரு பேணியைத் திறந்த வெளியில், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, மட்டமாக நிறுத்திவையுங்கள். தினமும் காலை 8.30க்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதிவிட்டு நீரை ஊற்றிவிடுங்கள். எமது வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. பேணி பெரிதா சிறிதா என்பது முக்கியமல்ல. பக்கம் நேராக இருந்தால் நீரின் உயரமே மழையின் அளவு. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் அது ஒரு லீற்றர் தண்ணீர்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கிராமத்தில் ஒன்பது மாரிகளில் பெய்த மழை மில்லிமீற்றரில் இவ்வாறு என்று வைத்துக்கொள்வோம் (இவை விளக்கத்துக்காக நாம் போட்ட எண்கள்): 900, 650, 1400, 700, 850, 600, 1100, 550, 800. எல்லாவற்றையும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் சராசரி ஏறக்குறைய 839. ஒன்பதில் ஐந்து வருடங்கள் இதற்குக் கீழே நிற்கின்றன. "பாதிக்கு மேற்பட்ட வருடங்களில் மழை குறைவு" என்று பயப்பட வேண்டுமா? வேண்டாம். 1400 என்ற ஒரு புயல் வருடம் சராசரியை மேலே இழுத்துவிட்டது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதுக்கு வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள்: 800. இதைப் பாடசாலைப் பிள்ளைகள் இடையம் என்று படிக்கிறார்கள். வயலுக்குப் போகிறவனுக்குச் சராசரியை விட இடையமே நம்பகமான வழிகாட்டி என்பது எமது கருத்து. புயல் கொட்டிய மழையில் பெரும்பகுதி வாய்க்காலால் கடலுக்குப் போய்விடுகிறது. கணக்கில் மட்டும் அது நிற்கிறது.

மழை காலப்போக்கில் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க அறிஞர்கள் நகரும் சராசரி என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். முதல் ஐந்து வருடங்களின் சராசரி 900. பிறகு முதலாவது வருடத்தை விட்டு ஆறாவதைச் சேர்த்தால் 840. அவ்வாறே தொடர்ந்தால் 930, 760, 780. ஆண்டுக்கு ஆண்டு துள்ளும் எண்கள் அமைதியாகிவிட்டன. ஆனால் 930இலிருந்து 760க்கு ஏன் விழுந்தது? 550 உள்ளே வந்ததும் 1400 வெளியே போனதும்தான் காரணம். அந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு, ஐந்து வருடங்களுக்கு முன் அடித்த புயல் கணக்கிலிருந்து கழன்றதால் வந்தது. வானத்தில் புதிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

இந்த ஆபத்தை 1927இல் தெளிவாகக் காட்டியவர் யூஜின் சிலற்ஸ்கி என்ற பொருளியலாளர். இரஷ்யாவில் அதிஷ்டலாபச் சீட்டில் விழுந்த எண்களை, அதாவது எந்த ஒழுங்குமே இருக்க முடியாத எண்களை எடுத்து, அவற்றை நகர்த்தி நகர்த்திக் கூட்டினார். வரைந்து பார்த்தபோது அலைகள் தோன்றின! வியாபாரத்தின் ஏற்ற இறக்கம் போலவே அவை ஏறி இறங்கின. ஆகவே நகரும் சராசரியில் அலை ஒன்றைக் கண்டால், அதை நாமே உண்டாக்கினோமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

சூரியப் புள்ளிகளும் பஞ்சமும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் இலட்சக்கணக்கான மக்களைப் பலிகொண்டது. அதற்குத் தப்பிக் கடல்கடந்து எமது நாட்டின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் பலர். அவர்களும் ஒருவகையில் இடம்பெயர்ந்தோரே. 1877இல் நோர்மன் லொக்கியர் என்ற வானியலாளரும் வில்லியம் ஹன்ரர் என்ற அதிகாரியும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளையும் பஞ்சத்தையும் தொடர்புபடுத்தி எழுதினர். புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைபவை. சென்னையின் மழையும் அந்தச் சுற்றில் கூடிக் குறைகிறது என்பது அவர்களின் வாதம். கேட்க அழகாக இருந்தது. அடுத்த பஞ்சம் எப்போது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் அல்லவா?

1904இல் இந்திய வானிலை அவதான நிலையங்களுக்குத் தலைவராக கில்பேர்ட் வோக்கர் வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றவர். வானிலை அவருக்குப் புதிது. அதுவே ஒரு நன்மையாயிற்று என்று சொல்லலாம், ஏனெனில் எந்தக் கொள்கையிலும் அவருக்கு முற்பிடிப்பு இருக்கவில்லை. உலகின் பல பாகங்களிலிருந்தும் மழை, வெப்பநிலை, வளியமுக்கம் பற்றிய பதிவுகளைத் திரட்டி, இந்திய எழுதுவினைஞர்களைக் கொண்டு கையாலேயே ஆயிரக்கணக்கான கணக்குகளைச் செய்வித்தார். ஒன்று கூடும்போது மற்றது கூடுகிறதா, குறைகிறதா, அல்லது சம்பந்தமே இல்லையா என்பதை அளக்கும் இணைபுக் குணகம் என்ற எண்தான் அவரது கருவி. சூரியப் புள்ளிகளை அதில் சோதித்தபோது மழையோடு அவற்றுக்கிருந்த தொடர்பு மிகப் பலவீனமானது என்று கண்டார். அதே கணக்குகளின் நடுவே வேறொன்று வெளிப்பட்டது. பசுபிக் சமுத்திரத்தில் அமுக்கம் கூடும்போது இந்து சமுத்திரத்தில் குறைகிறது. அங்கே குறையும்போது இங்கே கூடுகிறது. தராசின் இரு தட்டுகள் போன்ற இந்த ஆட்டத்துக்கு 1920களில் தென் அலைவு என்று பெயரிட்டார். பேரு நாட்டு மீனவர்கள் நத்தார் காலத்தில் தம் கரையோரம் சூடாகும் கடல்நீரை, பாலன் இயேசுவை நினைத்து, எல் நினோ என்று அழைத்து வந்தனர். இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் என்பதை 1969இல் ஜேக்கப் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி விளக்கினார்.

எங்கள் வயலுக்கும் இதில் பங்குண்டு. எல் நினோ வருடங்களில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை கூடும் நாட்டமும், அடுத்துவரும் ஜனவரி முதல் மார்ச் வரையான மழை குறையும் நாட்டமும் காணப்படுகின்றன. அதற்கு எதிரான லா நினா வருடங்களில் மறுபுறம். 2016 கடைசியில் பலவீனமான லா நினா. மாரி ஏமாற்றியது, 2016/17 பெரும்போகம் கடும் வரட்சியில் அழிந்தது. 2010/11இலும் லா நினா; ஜனவரியில் மட்டக்களப்பு வெள்ளத்தில் மூழ்கியது. நாட்டம் என்றுதான் சொல்கிறோம், விதி என்றல்ல. 2008 நவம்பரில் நிஷா புயல் வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2020 டிசம்பரில் புரேவி வந்தது. இரண்டுமே எல் நினோ வருடங்கள் அல்ல.

நாலு பெட்டிக் கணக்கு

இத்தகைய நாட்டத்தை நாமே சோதிக்க ஒரு வழி உண்டு. மண்ணில் ஒரு சிலுவைக்கோடு கீறினால் நாலு பெட்டிகள் வரும். மேலே இரண்டும் எல் நினோ வருடங்களுக்கு, கீழே இரண்டும் மற்ற வருடங்களுக்கு. இடப்பக்கம் இடையத்துக்கு மேல் மழை, வலப்பக்கம் கீழ். வருடத்துக்கு ஒரு கூழாங்கல். 40 வருடக் கணக்கில் 10 எல் நினோ வருடங்கள் இருந்து, அவற்றில் 7இல் நல்ல மழை என்று வைப்போம். பத்துக்கு ஏழு என்றதும் துள்ளிக் குதிக்கக் கூடாது. கீழ்ப்பெட்டிகளையும் எண்ண வேண்டும். மற்ற 30 வருடங்களில் 13இல் நல்ல மழை என்றால், பத்துக்கு நாலுக்குச் சற்று மேல். ஏழுக்கும் நாலுக்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசம்தான் செய்தி. 30இல் 21 வருடங்கள் நல்ல மழையாக இருந்திருந்தால் அங்கும் பத்துக்கு ஏழுதான். எல் நினோவால் நமக்கு ஒரு தகவலும் இல்லை. பலித்ததை மட்டும் எண்ணிப் பலிக்காததை விட்டுவிடுவதே நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை.

மார்கழியில் கர்ப்போட்டம் பார்த்து அடுத்த மழையைச் சொல்லும் பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதைச் சிரித்துத் தள்ளவும் வேண்டாம், கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். அவர்கள் சொன்னதை மழைக்கு முன்பே கொப்பியில் எழுதி, திகதி போட்டு, பெட்டியில் கல் வையுங்கள். மழை பெய்த பின் "அப்பவே சொன்னேன்" என்பது கணக்கில் சேராது.

இன்னொரு பொறியும் உண்டு. 32 பேர் ஆளுக்கு ஐந்து தடவை நாணயம் சுண்டினால், ஐந்து தடவையும் தலையே விழுந்த ஒருவர் அவர்களில் இருப்பார் என்று எதிர்பார்க்கலாம். அவரிடம் விசேட சக்தி எதுவும் இல்லை. 32 பேர் சுண்டினார்கள், அவ்வளவுதான். எறும்பு, தும்பி, பூ, காற்று, நட்சத்திரம் என்று 32 அடையாளங்களை ஐந்து வருடம் சோதித்தால் ஒன்றாவது தற்செயலாகத் தவறாமல் பலிக்கும். ஆயிரக்கணக்கில் கணக்குப் போட்ட வோக்கரே இதை உணர்ந்து, எத்தனை தொடர்புகளைத் தேடினோமோ அத்தனைக்கு ஏற்பச் சான்றும் பலமாக இருக்க வேண்டும் என்று 1914இல் எழுதினார். பலித்த அடையாளத்தை, அதைக் கண்டுபிடிக்கப் பயன்படாத புதிய வருடங்களில் மீண்டும் சோதிப்பதே வழி.

கடைசியாக, எம் நிலைமைக்கே உரிய இரண்டு விடயங்கள். போர்க்காலத்தில் வடபகுதி நிலையங்கள் பலவற்றின் பதிவுகளில் இடைவெளிகள் உண்டு. வீட்டுக் கொப்பிகளிலும் அப்படியே. அளக்காத நாளுக்குச் சைபர் போடாதீர்கள், ஒரு கோடு கீறுங்கள். மழை இல்லை என்பது வேறு, பதிவு இல்லை என்பது வேறு. இடைவெளிகளில் சைபர் நிரப்பினால் போர் நடந்த வருடங்கள் எல்லாம் வரட்சி வருடங்களாக மாறிவிடும்.

மற்றது, இடம் மாறிய கொப்பி. கிளிநொச்சியில் தொடங்கிய கணக்கை மன்னாரில் தொடர்ந்தால், நடுவில் மழை திடீரெனக் குறைந்தது போலத் தோன்றலாம். மாறியது காலநிலை அல்ல, பேணி நின்ற இடம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஊரின் பெயரை எழுதுங்கள். இரண்டு ஊர்க் கணக்கையும் ஒன்றாக்காமல் தனித்தனியே இடையம் பாருங்கள். ஒரே ஊருக்குள் பேணியை மாற்ற வேண்டி வந்தால், ஒரு மாரி முழுவதும் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் இரண்டு பேணிகளை வைத்து ஒப்பிட்ட பிறகே மாற்றுங்கள். கொப்பியின் பிரதி ஒன்றை உறவினர் வீட்டிலோ பாடசாலையிலோ கொடுத்துவைப்பதும் நல்லது. இதற்குக் காரணம் சொல்லி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.