பாரிசவாதமும் வைத்தியசாலைத் தரவுகளும்

மூளைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடி அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பாரிசவாதம் ஏற்படுகிறது என்பதை நீங்கள் கற்றிருப்பீர்கள். பெரிய நாடி அடைபட்டால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறக்கின்றன என 2006 இல் கணிக்கப்பட்டது.

குருதிக்கட்டியைக் கரைக்கும் ரீ.பீ.ஏ. என்னும் மருந்தைப் பாரிசவாதத்துக்கு வழங்க ஐக்கிய அமெரிக்கா 1996 இல் அனுமதியளித்தது. அறிகுறி தோன்றி 3 மணித்தியாலத்துள் ஏற்ற வேண்டும். தெரிவுசெய்த நோயாளருக்கு இவ்வெல்லை பின்னர் 4½ மணித்தியாலமாக நீட்டப்பட்டது. நாடி வெடித்தவருக்கோ இம்மருந்து ஆபத்தானது. ஆகவே முதலில் சீ.ரி. ஸ்கான். (விடை எழுதும்போது பலர் விட்டுவிடும் படி இதுவே.)

மருந்து இருந்தால் மட்டும் போதுமா? உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டதா என்பதை யார் பார்ப்பது? ஜோர்ஜியா மாநில செனட்டர் போல் கவர்டெல் 2000 இல் மூளைக் குருதிப்பெருக்கினால் இறந்தார். அவருடைய பெயரில் பாரிசவாதப் பதிவேடு அமைக்க அந்நாட்டுக் காங்கிரஸ் 2001 இல் நிதி ஒதுக்கியது. பின்னர் சில மாநிலங்கள் தரவு வழங்குவதைச் சட்டமாக்கின. புளோரிடாவின் 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாரிசவாத நிலையங்களாக அங்கீகரிக்கப்பட்ட வைத்தியசாலைகள் மாநிலப் பதிவேட்டுக்கு ஒழுங்காகத் தரவு அனுப்ப வேண்டும்.

இத்தகைய பதிவேடுகளில் நோயாளி வாசலை அடைந்ததிலிருந்து மருந்து ஏற்றும் வரையான நேரம் முக்கியமானது. 60 நிமிடத்துள் என்பது நெடுங்கால இலக்கு. உணவு கொடுக்குமுன் விழுங்கும் ஆற்றல் பார்க்கப்பட்டதா என்பதும் பதியப்படும். பார்க்காவிடின் உணவு சுவாசப்பாதையில் புகுந்து நியூமோனியா உண்டாகலாம்.

விரும்பினால் தரலாம் என்று விட்டால் என்ன? கற்பனை உதாரணம் ஒன்று: ஐந்து நோயாளருக்கு எடுத்த நேரம் 35, 40, 45, 50, 180 நிமிடங்கள். இடை 70. கடைசி நோயாளியை விட்டுவிட்டால் இடை 42.5, வைத்தியசாலை இலக்கை எட்டியதாகத் தோன்றும். அவர் நள்ளிரவில் வந்திருக்கலாம், ஸ்கான் எடுக்க ஆளில்லாமல் இருந்திருக்கலாம். திருத்த வேண்டிய குறை அந்த ஒருவரின் பதிவில்தான் உள்ளது.

மறுபுறம், கடுமையான நோயாளரை ஏற்கும் பெரிய வைத்தியசாலையில் இறப்பு கூடுதலாக இருப்பது இயல்பு. எனவே நோயின் கடுமையையும் சேர்த்துப் பதியாமல் இறப்பு வீதத்தை மட்டும் ஒப்பிடுவது நியாயமன்று.

பயிற்சி: மேலேயுள்ள ஐந்து பெறுமானங்களின் இடையத்தைக் காண்க. இடையத்தை மட்டும் அறிவித்தால் எந்த நோயாளி மறைந்துபோவார்?