பள்ளி வேலியில் பூக்கும் நஞ்சு

மதிய உணவு முடிந்து மணி அடித்த சிறிது நேரத்தில் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அடுத்து இன்னொருவன், பிறகு ஒரு சிறுமி. ஆவடிப் பக்கம் நான் அப்போது பணியாற்றிய பள்ளியின் பின்புறம் காட்டாமணக்குச் செடிகள் வேலியாக வளர்ந்திருந்தன. அதன் கொட்டையை உடைத்து, உள்ளிருந்த வெள்ளைப் பருப்பை மூவரும் பகிர்ந்து தின்றிருக்கிறார்கள். “வேர்க்கடலை மாதிரி இருந்துச்சு மிஸ்” என்றான் ஒருவன்.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். உப்புத் தண்ணீர் கொடுத்து மேலும் வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து வந்த வைத்தியம் அது. உப்புநீர் குழந்தையின் ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டால் அது இன்னொரு ஆபத்து. நல்லவேளையாக, சக ஆசிரியர் 108-ஐ அழைத்துவிட்டார். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “என்ன செடி, எத்தனை கொட்டை?” செடியின் பெயரைச் சொன்னோம். எண்ணிக்கை யாருக்கும் தெரியவில்லை. நீரிழப்புக்குச் சிகிச்சை பெற்று மறுநாள் மூவரும் வீடு திரும்பினர்.

காட்டாமணக்கு விதையில் குர்சின் என்ற நச்சுப் புரதமும் ஃபார்பால் எஸ்டர்களும் உள்ளன. கசந்தால் குழந்தை துப்பிவிடும். இந்தப் பருப்போ ருசியாக இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் இதைத் தின்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகள் அடிக்கடி வருவதற்கு இதுவே காரணம்.

அரளி வேறு வகை. பூந்தமல்லி வழியாகப் பெங்களூரு சாலையில் போகும் யாருக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெயிலையும் புகையையும் தாங்கும், மாடு மேயாது. அதனால்தான் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் நடுகிறார்கள். வேர் முதல் பூ வரை எல்லாப் பாகத்திலும் ஒலியாண்ட்ரின் இருக்கிறது. இதயத் தசைச் செல்லின் சவ்வில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பம்ப் ஒன்று உண்டு. இந்த நஞ்சு அதைத் தடுக்கிறது. செல்லுக்குள் கால்சியம் கூடி, இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது. மஞ்சள் அரளியும் இப்படித்தான். காய்ந்தாலும் கொதித்தாலும் நஞ்சு போவதில்லை. அரளி தின்றதால் ஓர் இளம்பெண் இறந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததை அடுத்து, 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவசம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது.

இதே வகை வேதிப்பொருள்தான் டிஜிட்டாலிஸ் செடியிலும் இருக்கிறது. அதை இதய நோயாளிகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் நூலாகவே எழுதினார். அளவு என்ற கருத்தை மேல்வகுப்பில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், கீல்வாத மருந்து. அளவு மீறினால் செல் பிரிதலையே நிறுத்தும்.

இப்போது ஆண்டுதோறும் ஜூலை வாக்கில் எட்டாம் வகுப்பினருடன் பள்ளியைச் சுற்றி நடக்கிறேன். பறிப்பதில்லை, தொடுவதில்லை, படம் வரைந்து, வீட்டில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று எழுதி வருகிறார்கள். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியைப் பற்றிச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். முழுதாக விழுங்கிய விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ துளையிட்டாலோ அதிலுள்ள அப்ரின் உயிருக்கே ஆபத்து. எப்படி விழுங்கியிருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

“விஷம்னா எல்லாத்தையும் வெட்டிடலாமே மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். தொடக்க வகுப்புகள் பக்கம் இருந்த காட்டாமணக்கை மட்டும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி அகற்றினோம். அரளி நிற்கிறது. தலைமையாசிரியர் அறையில் மாணவர்கள் வரைந்த படங்களோடு ஒரு அட்டை தொங்குகிறது: வாயில் இருப்பதைத் துப்பச் செய்து கொப்பளிக்க வை; வாந்தி எடுக்க வைக்காதே; 108-ஐ அழை; செடியின் ஒரு கிளையையோ மீதிக் கொட்டையையோ தாளில் சுற்றிக் கூடவே அனுப்பு; எத்தனை தின்றான் என்று நண்பனிடம் கேள். கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது நான்.