எழுவாய் யார், தம்பி?

தம்பிக்கு,

மலையூரான லேக்குப் போய்வந்த பயணக் கட்டுரையைக் கிழவன் இரண்டு முறை படித்தாயிற்று. இரண்டாம் முறை கையில் சிவப்பு மைப் பேனா.

லேயில் இறங்கிய மறுநாளே சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து தங்களைப் பெருக்கிக்கொண்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். அந்த வரியில்தான் கிழவனுக்குக் காபி கசந்தது. சிவப்பணு எதை வைத்துப் பெருகும்? எலும்பு மஜ்ஜையிலேயே உட்கருவை உதறிவிட்டு வந்த அணு அது. சுமார் 120 நாள் சுற்றும், அழியும், குட்டி போடாது. மோப்பம் பிடிப்பது சிறுநீரகம். அது சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் போய்ச் சொன்னால் மஜ்ஜை புது அணுக்களைச் செய்யும். செல்கள் ஆக்சிஜன் அளவை உணரும் வழியைக் கண்டதற்குத்தான் 2019-இல் கேலின், ராட்கிளிஃப், செமன்ஸா மூவருக்கும் நோபல்.

மறுநாள் எண்ணிக்கை கூடித் தெரிந்தால், அது பெரும்பாலும் பிளாஸ்மா குறைந்து ரத்தம் கெட்டியான கணக்கு. 1890-இல் பெருவின் மொரோகோச்சாவில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், பிரெஞ்சு மருத்துவர் வியோ தன் ரத்தத்தையே எண்ணிப் பார்த்தார். ஒரு கன மில்லிமீட்டரில் 50 லட்சமாக இருந்தது 80 லட்சத்தைத் தொட ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. தம்பிக்கு ஒரே ராத்திரி!

அறிவியல் கட்டுரைகளில் பாதிப் பிழை இலக்கணப் பிழைதான் என்பது கிழவனின் பழைய புலம்பல். செய்தது ஒருவர், எழுவாய் வேறொருவர்.

அடுத்து அந்த லாரி. சிவப்பணுவை ஆக்சிஜன் லாரி ஆக்காத தமிழ்க் கட்டுரை உண்டா? ஊர் மேடேறினால் கயிற்றைத் தானே தளர்த்திக்கொள்ளும் லாரியைக் கிழவன் பார்த்ததில்லை. சிவப்பணு தளர்த்தும். மலையில் மூச்சு வேகமெடுக்க, ரத்தத்தில் காரம் ஏற, அணுவுக்குள் 2,3-பிபிஜி என்ற பொருள் கூடுகிறது. ஹீமோகுளோபினின் நடுப்பள்ளத்தில் அது ஆப்பு மாதிரி உட்கார, ஆக்சிஜன் மீதுள்ள பிடி நழுவித் திசுக்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. 1967-இல் பெனெஷ் தம்பதி காட்டியது இந்தத் தளர்வைத்தான். அணு தானாகச் செய்யும் காரியம் இது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ரத்த வங்கியில் இரவு வேலை பார்த்த காலத்தில் புதிதாக வரும் பையன்களுக்குக் கிழவன் ஒரு வேடிக்கை காட்டுவதுண்டு. சிரையில் எடுத்த கருஞ்சிவப்பு ரத்தம் பாதிக் குழாய், மீதி காற்று. மூடி, மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் அணு ஆக்சிஜனைப் பற்றிக் கண்ணெதிரே குங்கும நிறம். அங்கேயே குளிர்பெட்டியில் இரண்டு வாரம் கிடந்த ரத்தப் பையில் 2,3-பிபிஜி ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்கும்; நோயாளியின் உடம்பில் ஏறி ஓரிரு நாளில் திரும்பவும் ஊறும். உட்கரு இல்லாத அணுவுக்கு எவ்வளவு வீம்பு!

விடுதிக்கார அம்மா தம்பியின் நகத்தை அழுத்திப் பார்த்து, நீலம் பாரித்திருக்கிறது, இன்று படுத்துக்கிட என்று வெந்நீர் கொடுத்த பத்தி இருக்கிறதே, அப்படி ஒன்றைக் கிழவன் நாற்பது வருடமாக எழுதப் பார்த்து முடியவில்லை. அதில் ஓர் எழுத்தைத் தொடக்கூடாது. திரும்பி வந்ததும் ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அந்தத் தாளை அனுப்பவும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கிழவன்