கழுத்திலிருந்து கீழ்நோக்கி

கேள்வி: கைக்குழந்தையும் நான்கு வயதுப் பையனும் உள்ள வீட்டில் ஸ்வெட்டர் பின்ன அவகாசம் ஏது?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் வாய்க்கட்டும் என்று காத்திருந்தால், 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள தங்கள் ஊரில் குளிர்காலம் வந்து போய்விடுமேயன்றிப் பின்னல் ஒரு சாணும் வளராது, ஆகையால், பால் காய்வதற்குள் ஒரு வரிசை, குழந்தை கண்ணயர்ந்ததும் இரண்டு வரிசை என்று கிடைக்கும் சொற்ப நேரத்துக்கு இசைந்த முறையையே கைக்கொள்ளுங்கள். முன்புறம், பின்புறம், கைகள் என்று தனித்தனியே பின்னித் தைப்பதைவிட, வட்ட ஊசியில் கழுத்திலிருந்து கீழ்நோக்கிச் சுற்றிப் பின்னுவதே என் அபிப்பிராயத்தில் சிலாக்கியமானது. தோளிலிருந்து சரியும் நான்கு கோடுகளின் இருமருங்கிலும், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில், ஒவ்வொரு கண்ணியாகக் கூட்டிக்கொண்டே வந்து, அக்குளை எட்டியதும் கைகளுக்குரிய கண்ணிகளை வேறொரு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு, உடலை மாத்திரம் தொடரலாம். இடையிடையே பையனுக்கு மாட்டி அளவு பார்க்கவும், அடுத்த வருஷம் அவன் வளர்ந்துவிட்டால் கீழ் விளிம்பைப் பிரித்து நீளம் கூட்டவும் இதில் சௌகரியம் உண்டு. அதற்காக, ஒரே சாயத்தில் தோய்ந்த நூலில் ஓர் உருண்டையை மிச்சம் வையுங்கள். எழுந்து போகையில் ஊசி முனைகளில் ரப்பர் மூடியைச் செருகி, எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் பஞ்சு உதிரும் நூல் வேண்டாம். எல்லாம் வாய்க்குப் போகும் பருவம் அது.