புயலுக்கு முன் தெருவாகக் கூடுங்கள்

புயலுக்குத் தயாராவது என்றால் அவரவர் வீட்டுக்கு மெழுகுவத்தியும் பிஸ்கட்டும் வாங்கி வைப்பது என்றே நினைக்கிறோம். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தாவும், 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜாவும் காட்டியது வேறு. காற்று சில மணி நேரத்தில் ஓய்ந்தது. மின்சாரம் திரும்ப நாள்கணக்கானது, கஜா போன டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கானது. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி வற்றும், செல்போன் அணையும். இத்தனை நாளைத் தனி வீடு தாங்குவது கடினம். நாலு வீடு சேர்ந்தால் தாங்கும். எச்சரிக்கை வந்த அன்றே பேசி வையுங்கள்: யார் வீட்டுத் தளம் உறுதி, யாரிடம் இன்வெர்ட்டர், எங்கே கைப்பம்பு, எந்தப் பாட்டிக்கு இன்சுலின் வேண்டும்.

‘கான்கிரீட் வீடுதானே, நமக்கென்ன?’ என்பார்கள். பக்கத்து ஓட்டு வீட்டுக்காரர் ஓடு பறக்கும் நள்ளிரவில் ஓடிவருவதைவிட, மாலையிலேயே வந்து படுப்பது மேல். இடம் நெருக்கும்தான், ஓரிரவுதானே. நடுவில் காற்று சட்டென அடங்கினால் யாரையும் வெளியே விடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம்; அடுத்து எதிர்த்திசைக் காற்று வரும். தாழ்வான பகுதியென்று அதிகாரிகள் வெளியேறச் சொன்னால், வீட்டில் தங்கும் யோசனையை விட்டு எல்லாரும் சேர்ந்தே முகாமுக்குப் போங்கள்.