எண்டோமெட்ரியம் பார்க்கப் பழகும் தம்பி, தங்கைகளுக்கு

1. ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் ஏற்றுமுன் கடைசி மாதவிலக்குத் தேதியைப் பாருங்கள். படிவத்தில் இல்லையா, வார்டுக்குப் போன் செய்து கேளுங்கள். ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புரோஜெஸ்டின் எடுப்பவருக்கு ஸ்ட்ரோமா தடித்து, சுரப்பிகள் சுருங்கிக் கிடக்கும். அங்கே திசுவைப் பார்த்துச் சுழற்சியின் நாளைக் கணிப்பது செல்லாது.

2. மாதம் முழுக்க மாறுவதே இந்தத் திசுவின் இயல்பு. 1908இல் வியன்னாவில் ஹிட்ஷ்மனும் ஆட்லரும் இதை நிறுவும்வரை, இயல்பான மாற்றங்களையே அழற்சி என்று எழுதிவந்தார்கள். இன்றும் அந்தத் தவறு நடக்கிறது. விலக்குக்கு முந்தைய நாட்களில் ஸ்ட்ரோமாவில் லிம்போசைட் வருவது இயல்பு. நாட்பட்ட அழற்சி என்று எழுத பிளாஸ்மா செல் வேண்டும்.

3. சுழற்சியின் முதல் பாதியில் சுரப்பி, ஸ்ட்ரோமா இரண்டிலும் மைட்டோசிஸ் தெரியும். அங்கே துல்லியமாக நாள் குறிக்க முயலாதீர்கள். கருமுட்டை வெளியான பிறகுதான் நாள் குறிக்கும் அடையாளங்கள் தோன்றும். 28 நாள் சுழற்சியில், 17ஆம் நாள் உட்கருவுக்குக் கீழே குமிழ்கள் கோலப்புள்ளி போல வரிசையாக நிற்கும். 20ஆம் நாளை ஒட்டிச் சுரப்பிக் குழிக்குள் சுரப்பு நிறையும். 22இல் ஸ்ட்ரோமா நீர்கோத்துத் தளரும். 23இல் சுருள் தமனிகள் எடுப்பாகத் தெரியும். டெசிடுவா மாற்றம் அவற்றைச் சுற்றித்தான் தொடங்கும். ஆகவே கருமுட்டை வெளியான முதல் வாரம் சுரப்பியைப் படியுங்கள், அடுத்த வாரம் ஸ்ட்ரோமாவை.

4. அடிப்படலத்தையோ கருப்பையின் கீழ்ப்பகுதியையோ வைத்து நாள் சொல்லக் கூடாது.

5. விலக்கு நாளின் திசு பயமுறுத்தும். ஸ்ட்ரோமா உதிர்ந்து உருண்டையாகத் திரளும். சிதைந்த சுரப்பிகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். அவசரத்தில் புற்றுநோய் என்று எழுதிவிட்டால் ஒரு பெண்ணின் கருப்பையே போய்விடக்கூடும். சந்தேகமிருந்தால் மூத்தவரிடம் காட்டுங்கள்.

6. நம் நாட்டில் குழந்தையின்மை என்று வரும் திசுவில் காசநோயைத் தேடியே ஆக வேண்டும். விலக்குக்குச் சற்றுமுன் எடுத்த திசுவில் கிரானுலோமா கிடைக்க வாய்ப்பு அதிகம். மாதாமாதம் உதிர்வதால் அது முதிர நேரமிருப்பதில்லை. கேசியேஷன் இல்லை என்பதற்காகக் காசநோயை விலக்கிவிடாதீர்கள்.

7. நாள் கணிக்கும் இந்த முறையை நாய்ஸ், ஹெர்ட்டிக், ராக் மூவரும் 1950இல் வகுத்தார்கள். கருத்தரிப்பவர்களையும் கருத்தரிக்காதவர்களையும் அது பிரித்துக்காட்டவில்லை என்று 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. திசு இரண்டு மூன்று நாள் பின்தங்கியிருப்பதை மட்டும் வைத்து, குழந்தையின்மைக்கு அதுவே காரணம் என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.