நீட் இல்லாமல் கால்நடை மருத்துவர் ஆகலாமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் படிக்கிறாள். கால்நடை மருத்துவர் ஆக ஆசை. நீட் எழுதியே ஆக வேண்டுமா?
– வாசகி, தருமபுரி

பதில்: வேண்டியதில்லை அம்மா. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலில் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மட்டுமே நீட். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட மறந்துவிடாதீர்கள்.

படிப்பு ஐந்தரை ஆண்டு, அதில் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. வேப்பேரியின் பழைய கல்லூரி மட்டுமல்ல, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. உங்களுக்கு நாமக்கல் பக்கம். கோழிப்பண்ணைகள் சூழ்ந்த ஊர் என்பதால் கற்கவும் நல்ல இடம்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். நாய், பூனை மீதுள்ள பாசத்தை மட்டும் நம்பி இதில் இறங்கக் கூடாது. மாட்டின் ஆசனவாயில் தோள்வரை கைவிட்டுச் சினை பார்க்க வேண்டும். நள்ளிரவில் கன்று சிக்கிக்கொண்டது என்று அழைப்பு வரும். விண்ணப்பிக்கும் முன், அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் மருத்துவரிடம் அனுமதி கேட்டு, அவளைச் சில காலைப் பொழுதுகள் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தயங்காமல் சேருங்கள்.

இடம் கிடைக்காவிட்டால் இந்தக் கல்லூரிகளை நடத்தும் பல்கலைக்கழகத்திலேயே பால்வளம், கோழியினம், உணவுத் தொழில்நுட்பத்தில் நான்காண்டு பி.டெக். இருக்கிறது. ஆனால் அதை முடித்தவர் சிகிச்சை அளிக்க முடியாது.